அபு ஹானிக்கு மட்டும் விடுமுறை

என் வாயைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பேசினால் நாலு பேர் சிரிக்க வேண்டும். சிரிக்காவிட்டால் எனக்குச் சாப்பிட்ட சோறு செரிக்காது. பள்ளிக்கூடத்தில் வாத்தியாரிடம் அடி வாங்கியது இந்த வாயால்தான். பெண் பார்க்கப் போன இடத்தில் ஜோதிமணி என்னைப் பிடித்திருக்கிறது என்று சொன்னதும் இந்த வாயால்தான். கல்யாணமான புதிதில் "உங்க வாய் இருக்கே!" என்று சிரிப்பாள். நடந்ததையெல்லாம் போனில் சொன்ன அன்றைக்கும் அதே மூன்று வார்த்தையைத்தான் சொன்னாள். சிரிக்கவில்லை.

எனக்கு ஆலங்குடிப் பக்கம். 2002-இல் வளைகுடாவுக்கு வந்தேன். கட்டடக் கம்பெனியில் டைம்கீப்பர் வேலை. தங்க அஜ்மானில் கேம்ப், வேலைக்கு ஷார்ஜாவில் சைட். காலை ஆறு மணிக்கு சைட் கேட்டில் நின்று இருநூற்று நாற்பது பேரையும் நம்பர் சொல்லிக் கூப்பிட்டு ஷீட்டில் குறிப்பேன். வந்தவனுக்கு பி. வராதவனுக்கு ஏ. காய்ச்சல் என்று சீட்டுக் கொண்டுவந்தால் எஸ். அரசாங்க விடுமுறை என்றால் எல்லோருக்கும் எச். இந்த நாட்டில் ஒருத்தன் இருக்கிறானா இல்லையா என்று என் பேனாதான் முடிவு பண்ணுகிறது என்று பீற்றிக்கொள்வேன். அதற்கும் நாலு பேர் சிரிப்பார்கள்.

சைட்டில் ஸ்டோர்கீப்பர் அபு ஹானி. ஹானியின் அப்பா என்று அர்த்தம். அரபுக்காரர்கள் மூத்த பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் அப்பனைக் கூப்பிடுவார்கள். ஐம்பத்து மூன்று வயது, நல்ல தொப்பை, மீசையில் பாதி நரை. ஒரு கட்டிங் டிஸ்க் கேட்டால் பழைய டிஸ்க்கைக் கொண்டுவந்து காட்டு என்பார். கையுறை கேட்டால் கையை நீட்டச் சொல்லிப் பார்ப்பார். ஃபோர்மேன்களுக்கெல்லாம் அவரைக் கண்டால் எரிச்சல். எனக்கு மட்டும் ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் என் ஜோக்குக்கு அவர் வயிறு குலுங்கச் சிரிப்பார். எங்களுக்குள் பேச்சு இந்தியில்தான். அவர் இந்தியும் என் இந்தியும் சேர்ந்தால் இந்திக்காரன் ஓடிப்போவான், ஆனால் எங்களுக்குப் புரியும். இங்கே அதைத் தமிழில் எழுதுகிறேன்.

அவர் பாலஸ்தீனர். பிறந்தது காஸாவில், கான் யூனிஸ் என்ற ஊரில். பன்னிரண்டு வயதில் அப்பா வேலை பார்த்த கத்தாருக்குக் குடும்பத்தோடு போயிருக்கிறார். மறு வருடமே காஸாவில் சண்டை. ஊர் கை மாறிவிட்டது. அந்தச் சமயத்தில் ஊரில் இல்லாதவர்கள் ஊர்க்காரர்களே இல்லை என்று ஆகிவிட்டதாம். கையில் இருப்பது பாஸ்போர்ட் இல்லை, முன்பு காஸாவை ஆண்ட எகிப்து கொடுத்த ஒரு பயணப் பத்திரம். அதைக் காட்டினால் எகிப்துக்குள்ளேயே விசா இல்லாமல் விடமாட்டார்கள். இருபத்தெட்டு வருடமாக எமிரேட்ஸில் இருக்கிறார். மனைவி உம்மு ஹானி, காலேஜில் கடைசி வருடம் படிக்கும் ஹானி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள் என்று ஐந்து பேரின் விசாவும் அந்த ஸ்டோர்கீப்பர் வேலையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

"உன் விசா கேன்சல் ஆனா கம்பெனி டிக்கெட் குடுத்து உன்னை திருச்சிக்கு ஏத்திவிடும் ஐயப்பன்," என்றார் ஒருநாள். "என் விசா கேன்சல் ஆனா, டிக்கெட்ல எந்த ஊர் பேரை எழுதுவாங்க? சொல்லு பார்ப்போம்."

"ஆலங்குடின்னு எழுதச் சொல்றேன் பாய், எங்க வீட்ல இடம் இருக்கு," என்றேன். அதற்கும் சிரித்தார்.

நவம்பர் பதினைந்து அவர்களுடைய சுதந்திர தினம். எண்பத்தெட்டில் அல்ஜீரியாவில் கூடி நாடு பிறந்துவிட்டது என்று அறிவித்தார்களாம். நூறு நாடு ஆமாம் என்றது, மற்றது இல்லை என்றது. எல்லை யார் கையிலோ, ஊர் யார் கையிலோ, ஆனால் சுதந்திர தினம் உண்டு. அன்று அபு ஹானி வேலைக்கு வரமாட்டார். வருடா வருடம் வரமாட்டார்.

லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போகவேண்டியதுதானே என்று நானும் கேட்டிருக்கிறேன். அதற்குத்தான் அவர் ஒத்துக்கொள்ளவே மாட்டார். முதல் வருடம் ஆபீசில் போய்க் கேட்டாராம், லிஸ்ட்டில் அப்படி ஒரு விடுமுறை இல்லை, வேண்டுமானால் உன் வருட லீவில் ஒரு நாள் எடுத்துக்கொள் என்றார்களாம். "லீவு கேட்டு வாங்கிக் கொண்டாட அது என்ன என் மச்சான் கல்யாணமா? சுதந்திர தினத்துக்கு எவனாவது பர்மிஷன் கேப்பானா? நீ எனக்கு எச் போடு" என்று என்னிடம் வந்து நின்றார். ஒரு ஆளுக்கு மட்டும் எச் போட்டால் ஹெட் ஆபீஸ் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளாது பாய் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். சரி, அப்படியென்றால் பி போடு, ஆனால் ஏயும் கூடாது, எஸ்ஸும் கூடாது. நான் ஓடிப்போகவும் இல்லை, எனக்குக் காய்ச்சலும் இல்லை என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. நவம்பர் பதினாலு சாயங்காலம் ஸ்டோர் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார். மறுநாள் அவர் நம்பருக்கு நேராக நான் பி போடுவேன், இடையிடையே ஸ்டோருக்கு ஓடிக் கையுறையும் டிஸ்க்கும் எடுத்துக் கொடுப்பேன். அதற்குப் பதிலாகத் தீபாவளி அன்று என் ஷீட்டை அவர் வாங்கிக்கொள்வார். நான் பர்துபாய் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு, வசந்தபவனோ எதுவோ ஒரு ஓட்டலில் இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டு மத்தியானம் வருவேன். என் பெயருக்கு நேராக அவர் கோணல்மாணலாக ஒரு பி போட்டு வைத்திருப்பார். 2004-இல் அவருடைய நாள் பெருநாள் லீவிலேயே விழுந்துவிட்டது. எல்லோருக்கும் லீவான அன்று தனக்கென்று என்ன இருக்கிறது என்று மனிதர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். இப்படி ஐந்து வருடப் பழக்கம். சாயங்காலம் என்னைச் சாப்பிடக் கூப்பிடுவார். அஜ்மானில் கேம்பிலிருந்து நடந்து போகிற தூரம்தான் அவர் வீடு.

2007 செப்டம்பரில் புது ப்ராஜெக்ட் மேனேஜர் வந்தார். விஜயபாஸ்கர், மெட்ராஸ்காரர், நாற்பது வயதுதான் இருக்கும். எனக்கு ஐந்து வருடத்தில் முதல்முறையாகத் தமிழ் பேசுகிற மேலதிகாரி. அதுவரை இந்தியிலும் உடைந்த இங்கிலீஷிலும் ஜோக்கடித்து ஜோக்கடித்து என் நாக்கு வறண்டு கிடந்தது. இந்த மனிதரிடம் தமிழில் ஒன்று எடுத்துவிட்டால் பளிச்சென்று பிடித்துக்கொண்டார். "ஐயப்பன், நீங்க சைட்ல இருக்கவேண்டிய ஆளே இல்லைங்க" என்பார். எனக்குத் தலைகால் புரியவில்லை. காலையில் அவர் வண்டி கேட்டுக்குள் நுழைகிறபோதே இன்றைக்கு என்ன சொல்லிச் சிரிக்கவைக்கலாம் என்று மனது தயார் பண்ணத் தொடங்கிவிடும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தேன்.

அந்த வருடம் நவம்பர் பதினைந்து ஒரு வியாழக்கிழமை. காலையில் பி போட்டாயிற்று. ஒன்பதரை மணிக்கு ஸ்டோர் கண்டெய்னரில் நின்று இரண்டு பேருக்கு ஹெல்மெட் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கையில் டீ கப்போடு விஜயபாஸ்கர் வந்து நின்றார்.

"என்ன ஐயப்பன், நீங்க எங்க ஸ்டோர்ல? உங்க பெரியவர் எங்க?"

மெயின் ஸ்டோருக்குப் போயிருக்கிறார் என்று சொல்லியிருக்கலாம். பாத்ரூம் போயிருக்கிறார் என்று சொல்லியிருக்கலாம். கழுத்து வலி, பல் வலி, ஆயிரம் இருந்தது. அவர் ஒன்றும் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை, டீ குடிக்கிற நேரத்தில் பேச்சுத்துணைக்குக் கேட்டார். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் என் நாக்கில் ஒன்று வந்து நின்றது. வந்து நின்றதை விழுங்கி எனக்குப் பழக்கமில்லை.

"அவருக்கு இன்னைக்கு சுதந்திர தினம் சார். நாடு இருக்குற நமக்கு ஆகஸ்ட் பதினஞ்சுக்கு டூட்டி. நாடே இல்லாத மனுசனுக்கு சுதந்திர தின லீவு! குடுத்துவெச்சவரு சார்!"

விஜயபாஸ்கர் வெடித்துச் சிரித்தார். டீ சட்டையில் சிந்தியது. "அய்யோ, நாடே இல்லாதவனுக்கு லீவு" என்று திருப்பிச் சொல்லிச் சிரித்து, என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். நான் அதோடு நிறுத்தினேனா? இல்லை. "கொடி ஏத்தணும்னா எங்க சார் ஏத்துவாரு, வீட்டு மொட்டைமாடில துணி காயப்போடுற கம்பியிலதான்" என்று இன்னொன்றும் போட்டேன். அதற்கும் சிரித்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "சரி, லீவு யார் சாங்ஷன் பண்ணா? என்கிட்ட பேப்பர் வரலையே" என்றார்.

ஷீட் என் கக்கத்தில் இருந்தது. கையை நீட்டினார், கொடுத்தேன். விரலை ஓட்டிக்கொண்டே போய் அபு ஹானியின் நம்பரில் நிறுத்தினார். பி.

"இது நீங்க போட்டதா?"

வராத ஆளுக்கு டைம்கீப்பர் பி போடுவது சின்ன விஷயமில்லை. போன வருடம் பக்கத்து சைட்டில் ஒரு மலையாளப் பையன் அப்படிப் போட்டு மாட்டி, மூன்றாம் நாள் ஏர்போர்ட்டில் நின்றான். என் பெரியவளுக்கு எட்டு வயது, சின்னவன் அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தான். இதெல்லாம் அப்போது யோசித்தேன் என்று சொன்னால் அதுவும் பொய். ஒன்றும் யோசிக்கவில்லை. வாய் தானாகச் சொன்னது.

"ஆறு மணிக்கு வந்தாரு சார். பி போடச் சொல்லிட்டு, நான் நம்பர் கூப்பிட்டுட்டு இருக்கும்போதே நைசா நழுவிட்டாரு. சாவி ஸ்டோர் வாசல்லயே கிடந்துச்சு, ஆளுங்க கத்துறாங்களேன்னு நான்தான் எடுத்துத் திறந்தேன்."

"அப்ப ஏமாத்திட்டுப் போயிருக்கான்," என்றார் விஜயபாஸ்கர். முகத்தில் சிரிப்பு இல்லை. "ஸ்டோரையே நம்பி விட்டிருக்கோம். சனிக்கிழமை வரட்டும்."

அன்று சாயங்காலம் நான் அபு ஹானி வீட்டுக்குப் போனேன். ஆமாம், போனேன். போகாவிட்டால் என்ன ஏது என்று போன் பண்ணுவார்.

சுவரில் கொடி மாட்டியிருந்தது. கறுப்பு, வெள்ளை, பச்சை, ஓரத்தில் சிவப்பு முக்கோணம். பெண்கள் இரண்டு பேரும் நெஞ்சில் சிவப்பு நூல் வேலை செய்த கறுப்பு உடுப்பு போட்டிருந்தார்கள். அபு ஹானி கோட் போட்டிருந்தார். அந்தக் கோட்டை நான் அந்த ஒரு நாளில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். டிவியில் அவர்கள் நாட்டுப் பாட்டு வந்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். நானும் நின்றேன். சின்னப் பெண் நின்றபடியே என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். பாட்டு எப்போது முடியும் என்று நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உம்மு ஹானி மக்லூபா பண்ணியிருந்தாள். அரிசியும் கத்திரிக்காயும் கோழியுமாக அடுக்கி வேகவைத்து, சட்டியை அப்படியே தாம்பாளத்தில் கவிழ்ப்பார்கள். எனக்குத் தெரிந்த அரபி கொஞ்சம்தான், அவளுக்கு இந்தி அதைவிடக் கொஞ்சம். ஆனாலும் என் தட்டில் கோழிக்காலை வைத்து ஏதோ சொன்னாள். ஹானி இங்கிலீஷில் சொன்னான்: "எங்க அப்பா இந்த நாள்ல வீட்ல இருக்க முடியுதுன்னா அது உங்களாலதான்னு அம்மா சொல்றாங்க."

நான் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன். வாய் நிறையச் சோறு இருந்தால் பேசவேண்டாம் இல்லையா?

"இன்னிக்கு ஸ்டோர்ல ஏதாவது பிரச்சினையா?" என்றார் அபு ஹானி. சாவியை நீட்டினேன்.

"மாஃபி பாய். ஒண்ணும் இல்லை."

அங்கேயே சொல்லியிருக்கலாம். பாய், இப்படி மாட்டிக்கிட்டோம், சனிக்கிழமை கேட்பாங்க, ஆறு மணிக்கு வந்துட்டுப் போனேன்னு நீங்களும் சொல்லிடுங்க, இல்லை வேறென்ன சொல்லலாம்னு பேசிக்குவோம் என்று சொல்லியிருந்தால் அவர் ஒரு திட்டுத் திட்டிவிட்டு ஏதாவது வழி பண்ணியிருப்பார். வாசல்வரை அதற்காகத்தான் மென்று விழுங்கிக்கொண்டு நடந்தேன். ஆனால் மேனேஜருக்கு எப்படித் தெரிந்தது என்று முதல் கேள்வி கேட்பாரே? அதற்கு அந்த ஜோக்கைச் சொல்லவேண்டும். கோட்டும் சூட்டுமாக நிற்கிற மனிதரிடம், அந்தக் கொடிக்கு முன்னால், அதை எப்படிச் சொல்வது? பொய்யைச் சொல்லிவிடுவேன். ஜோக்கைச் சொல்ல முடியாது.

உம்மு ஹானி ஒரு டப்பாவில் சோறு கட்டிக் கொடுத்தாள். ரூமில் என் பக்கத்துக் கட்டிலில் இருக்கும் ராமையா அண்ணன், அறந்தாங்கிக்காரர், ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு, "தங்கமான மனுசங்கடா" என்று ஏப்பம் விட்டார். நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை லீவு. ஒரு முழு நாள் இருந்தது. நான் துணி துவைத்தேன்.

சனிக்கிழமை எட்டு மணிக்கு மேனேஜர் கேபினுக்கு எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள். அபு ஹானிக்கு எதற்கென்றே தெரியாது. போகிற வழியில் "சிமெண்ட் கணக்கு கேப்பான்போல" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே வந்தார்.

விஜயபாஸ்கர் இங்கிலீஷில் கேட்டார். "வியாழக்கிழமை ஆறு மணிக்கு வந்து பி போடச் சொல்லிட்டு வெளியே போயிட்டீங்க. ஐயப்பன் சொல்றார். உண்மையா?"

அபு ஹானி என்னைப் பார்த்தார். அவருக்குக் கோபமே வரவில்லை. எனக்கு இங்கிலீஷ் வராததால் ஏதோ தப்பாகச் சொல்லியிருக்கிறேன் என்றுதான் நினைத்தார்போல. சிரித்துக்கொண்டே, "இல்லை சார், நான் வரவே இல்லை," என்றார். "அன்னிக்கு எங்க தேசிய நாள். நான்தான் ஐயப்பனை பி போடச் சொன்னேன். தப்பு என்னோடது. அஞ்சு வருஷமா இப்படித்தான். அவனோட தீபாவளிக்கு அவன் கோயிலுக்குப் போவான், நான் அவனுக்குப் போடுவேன். ரெண்டு பேருக்கும் வருஷத்துல ஒரு நாள், அவ்வளவுதான்."

இப்படி யாராவது உண்மையைப் போட்டு உடைப்பார்களா? உடைத்தார். மறைக்கிற விஷயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை. விஜயபாஸ்கர் என் பக்கம் திரும்பினார். தமிழில் கேட்டார்.

"ஐயப்பன், இவர் சொல்றது நிஜமா?"

"இல்லை சார்."

"நீங்க தீபாவளிக்கு டூட்டியில இருந்தீங்களா?"

"இருந்தேன் சார். இவரு மாட்டிக்கிட்டதும் என்னையும் சேர்த்து இழுக்குறாரு."

தமிழ்தான், ஆனால் 'இல்லை' என்று தலையாட்டியது எந்தப் பாஷைக்காரனுக்கும் புரியும். அபு ஹானியின் சிரிப்பு முகத்திலேயே நின்றுபோனது. விஜயபாஸ்கர் எரிச்சலோடு நாற்காலியில் சாய்ந்து, அவரைப் பார்த்து இங்கிலீஷில், "ஐயப்பன் அன்னிக்கு ஜோக்கா சொன்னார், நாடு இருக்குற எங்களுக்கே லீவு இல்லை, நாடே இல்லாதவனுக்கு சுதந்திர தின லீவான்னு. நானும் சிரிச்சேன். இப்ப பார்த்தா ஜோக் இல்லை, நீங்க எங்களை ஏமாத்திட்டிருக்கீங்க," என்றார்.

அபு ஹானி மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"நீயா சொன்னே?" என்று இந்தியில் கேட்டார்.

நான் என் ஷூவைப் பார்த்தேன். அதற்கு மட்டும் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஆமாம் என்றும் வரவில்லை.

அபு ஹானி மேனேஜரிடம் திரும்பி, "சரி சார். அவன் சொன்னதுதான் சரி. நான் ஆறு மணிக்கு வந்தேன், போயிட்டேன். எழுதிக்குங்க," என்றார். எழுதினார்கள். படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். "கலாஸ்" என்றார். முடிந்தது என்று அர்த்தம். என்னைத் தாண்டிக் கதவைத் திறந்துகொண்டு போனார்.

அவர் விசா டிசம்பரில் புதுப்பிக்கவேண்டியது. புதுப்பிக்கப்போவதில்லை என்று அந்த வாரமே லெட்டர் கொடுத்தார்கள். நவம்பர் இருபத்தொன்பதாம் தேதி கேன்சல் பண்ணிவிட்டார்கள். அன்றிலிருந்து முப்பது நாள். அதற்குள் வேறு கம்பெனி விசா எடுக்கவேண்டும், இல்லை நாட்டைவிட்டுப் போகவேண்டும். ஐம்பத்து மூன்று வயதில், ஏமாற்றினார் என்று எழுத்தில் இருக்கிற ஸ்டோர்கீப்பரை எந்தக் கம்பெனி எடுக்கும்? எந்த நாட்டுக்குப் போவது? அவர் கேம்ப் பக்கமே வரவில்லை. நானும் அந்தத் தெரு வழியாக நடப்பதை விட்டு, குப்பைத்தொட்டிப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு மளிகைக்கடைக்குப் போனேன்.

டிசம்பர் இரண்டு இந்த நாட்டுத் தேசிய நாள். கம்பெனி இரண்டு நாள் லீவு விட்டது. ஊரெல்லாம் கொடி, கார்களெல்லாம் கொடி. நான் ஷீட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு நம்பருக்கும் எச் போட்டேன். எச், எச், எச் என்று வரிசையாகப் போட்டுக்கொண்டே வந்து, அடித்துவிட்ட ஒரு வரியில் வந்து கை நின்றது. அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை. ராமையா அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று பார்த்தேன். "அந்த வீட்டுச் சோத்தை எனக்கும் ஊட்டிவிட்டியேடா பாவி" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

நாலாம் தேதி காலையில் விஜயபாஸ்கர் வண்டியை விட்டு இறங்குவதற்குள் போய் நின்றேன். வேலை போனால் போகட்டும், ஏர்போர்ட்டில் நிறுத்தினால் நிறுத்தட்டும் என்று முடிவோடுதான் போனேன். ராத்திரியே பெட்டியில் துணியை அடுக்கி வைத்திருந்தேன்.

"சார், அபு ஹானி சொன்னதுதான் நிஜம். அவரு வரலை. நான்தான் பி போட்டேன். தீபாவளிக்கு எனக்கு அவரு போட்டாரு. நான் உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்."

விஜயபாஸ்கர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏங்க இதை இப்ப வந்து சொல்றீங்க?"

"வேலை போயிடும்னு பயம் சார்."

"யார் சொன்னா போயிடும்னு? வருஷத்துக்கு ஒரு நாள், பண்டிகைக்கு, ஒருத்தருக்கு ஒருத்தர் பார்த்துக்கிட்டீங்க. அன்னைக்கே சொல்லியிருந்தா ரெண்டு பேரையும் நல்லா திட்டிட்டு ஒரு வார்னிங் லெட்டரோட விட்டிருப்பேன். அந்த ஆள் பொய் சொல்லி உங்களை மாட்டிவிடப் பார்க்கிறான்னு நினைச்சுதான் எனக்குக் கோபமே வந்துச்சு. பொய் சொல்றவனை ஸ்டோர்ல வெச்சுக்க முடியாதேன்னுதான்..." நிறுத்திக்கொண்டார். "புது ஆளுக்கு விசா அடிச்சாச்சு ஐயப்பன். கேன்சல் ஆனதைத் திருப்ப முடியாது. உங்களுக்குத் தெரியாதா?"

"வேணும்னா நான் எழுதிக் குடுக்கிறேன் சார். எனக்கு வார்னிங் குடுங்க. என்னை அனுப்பிடுங்க சார்."

"உங்களை அனுப்பி என்ன ஆகப்போகுது? ஒருத்தர் போனது போதும்," என்றார். "அவருக்கு நல்ல சர்டிஃபிகேட் ஒண்ணு எழுதித் தரேன். வேற எங்கயாவது முயற்சி பண்ணட்டும். போய் வேலையைப் பாருங்க." அவர் முகத்திலும் ரத்தம் இல்லை. அதற்குப் பிறகு என்னிடம் அவர் ஒரு நாளும் சிரிக்கவில்லை. நானும் ஜோக் எதுவும் சொல்லவில்லை.

ஒரு வார்னிங் லெட்டர். அவ்வளவுதான். அதற்காக ஐந்து பேரை நடுத்தெருவில் நிறுத்தினேன்.

அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அபு ஹானிக்குப் போன் பண்ணினேன். மூன்று தரம் எடுக்கவில்லை. நாலாவது தரம் எடுத்தார். பின்னால் டேப்பைப் பிய்த்து அட்டைப்பெட்டி ஒட்டுகிற சத்தம் கேட்டது.

"பாய், மேனேஜர்கிட்ட உண்மையைச் சொல்லிட்டேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன். உங்களுக்கு நல்ல சர்டிஃபிகேட் தரேன்னு சொல்லியிருக்காரு."

"உன்னை என்ன பண்ணாங்க?"

"ஒண்ணும் பண்ணலை பாய்."

"ம்."

"எங்க போறீங்க பாய்?"

"சனாவுல உம்மு ஹானியோட சித்தப்பா இருக்கார். ஏமன்காரன் விசா குடுப்பானான்னு பார்க்கிறோம். ஹானிக்குப் பரீட்சை மே மாசம். எழுத முடியாது."

அழுதேன். சைட்டில் செங்கல் அடுக்கின் மறைவில் நின்றுகொண்டு குழந்தை மாதிரி அழுதேன். "பாய், பயந்துட்டேன் பாய். சின்னப் பிள்ளைங்க இருக்கு. வேலை போயிடும்னு பயந்து பொய் சொல்லிட்டேன். மன்னிச்சிருங்க பாய்."

"பொய் சொன்னது எனக்குப் புரியுது ஐயப்பன்," என்றார். குரலில் கோபம் இல்லை. களைத்துப்போன குரல். "உன் இடத்துல நான் இருந்தா நானும் சொல்லியிருப்பேன். பிள்ளைகுட்டிக்காரன் பயப்படுவான். அதை நான் அன்னிக்கே விட்டுட்டேன்."

அட்டைப்பெட்டிச் சத்தம் நின்றுபோயிருந்தது.

"ஆனா அந்த ஜோக் சொல்லச் சொல்லி உன்னை யார் பயமுறுத்தினா?"

போனை வைத்துவிட்டார்.

யாரும் பயமுறுத்தவில்லை. யாரும் கேட்கக்கூட இல்லை. நானாகத்தான் சொன்னேன்.